30 லீற்றர் முருகைத் தொட்டித் தொகுதி பற்றிய முறைப்பாடு

நுவரெலியா,
2025 பெப்ரவரி 18

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

ஆரம்பநிலையினருக்கான கடல்நீர் முருகைத் தொட்டித் தொகுதி தொடர்பாக

தங்கள் நிறுவனத்திடமிருந்து கடந்த ஜனவரி மாதம் 68,500 ரூபா செலுத்திக் கொள்வனவு செய்த, வீட்டில் கடல் மீன்களையும் முருகையையும் (பவளத்தையும்) வளர்ப்பதற்கான 30 லீற்றர் கடல்நீர்த் தொட்டித் தொகுதி பற்றி இந்த முறைப்பாட்டைச் சமர்ப்பிக்கிறேன். பற்றுச்சீட்டின் பிரதியும் தொகுதியுடன் வந்த கைந்நூலின் பக்கங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தொட்டியின் கண்ணாடியிலோ ஒட்டிலோ எந்தக் குறையும் இல்லை; கூரியரில் மலையேறி வந்தும் ஒரு கீறல் விழாத அளவுக்குக் கவனமாகப் பொதி செய்திருந்தீர்கள், அதற்கு நன்றி. என் குறை, முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைப்பவருக்கென்றே விற்கப்படும் இந்தத் தொகுதியில் அவருக்குக் கட்டாயம் தேவையான கருவிகள் போதாமலும், அவர் நம்பிப் பின்பற்ற வேண்டிய அறிவுறுத்தல்கள் பிழையாகவும் இருக்கின்றன என்பதுதான்.

முதலில் ஹீற்றரை எடுத்துக்கொள்கிறேன். நீரின் வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்று உங்கள் கைந்நூலே கூறுகிறது, அது சரியானதே. ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியதாகும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரவில் அது 10 பாகைக்குக் கீழே இறங்குவதும், சில விடியற்காலைகளில் மரக்கறித் தோட்டங்களில் உறைபனி படிவதும் இங்கு வாழ்வோருக்குப் புதிதல்ல. வாங்குவதற்கு முன்னர் தொலைபேசியில் என் ஊரைச் சொல்லியே விசாரித்தேன். "நாடு முழுக்க அனுப்புறோம் சேர், ஒரு பிரச்சினையும் வராது" என்றார் உங்கள் விற்பனைப் பிரிவினர். ஏப்ரல் வசந்த காலத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவர்கூட ஒரு ஸ்வெற்றர் எடுத்துக்கொண்டு வரும் ஊருக்கு, நீங்கள் அனுப்பியது 25 வொட் ஹீற்றர்.

அந்த ஹீற்றர் பழுதானதல்ல. இரவு முழுவதும் அணையாமல் எரிகிறது. மூடி இல்லாத சிறிய கண்ணாடித் தொட்டி, தன் கொள்ளளவோடு ஒப்பிடும்போது மிகப் பெரிய பரப்பின் வழியாக வெப்பத்தை இழப்பதால், அறையின் வெப்பநிலை 11 பாகையாக இருக்கும்போது நீர் 19 பாகையைத் தாண்டுவதில்லை. பகலில் விளக்கும் அறையின் வெதுவெதுப்பும் சேர்ந்து அது 24 பாகைக்கு ஏறுகிறது. இரவில் மறுபடி இறங்குகிறது. முருகைக் கற்பாறைகளைச் சூழ்ந்த கடலில் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஓரிரு பாகை வேறுபாடே வழமையாக இருக்கையில், ஒரே நாளில் ஐந்து பாகை ஏறி இறங்கும் நீரில் எந்தக் கடல் உயிரினத்தை வைத்துப் பராமரிக்கச் சொல்கிறீர்கள்? கொழும்பில் 28 பாகை அறையில் இதே தொகுதிக்கு ஹீற்றரே தேவைப்படாது என்பதையும், இங்கு குறைந்தது 75 வொட்டும் அதனுடன் நம்பகமான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும் என்பதையும், விலாசத்தைப் பார்த்தவுடனேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இதைவிடப் பாரதூரமானது கைந்நூலின் 6 ஆம் பக்கம். "நீர்மட்டம் குறையும்போது, தயாரித்து வைத்த உப்புநீரை ஊற்றி நிரப்பவும்" என்று அங்கே மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டுள்ளது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. ஆகவே குறைந்த அளவை உப்பற்ற தூய நீரால் நிரப்புவதே முறை. உங்கள் 30 லீற்றர் தொட்டியில் கல்லும் மணலும் இட்ட பின்னர் உண்மையில் நிற்பது ஏறத்தாழ 24 லீற்றர் நீர். லீற்றருக்கு 35 கிராம் வீதம் அதில் 840 கிராம் உப்பு இருக்கும். நாளொன்றுக்கு 300 மில்லிலீற்றர் ஆவியாகிறது என்று வைத்து, அதை ஒவ்வொரு நாளும் உப்புநீரால் ஈடுசெய்தால் தினமும் பத்தரை கிராம் உப்பு கூடும். பத்து நாளில் உவர்த்தன்மை 35 இலிருந்து 39 ஐத் தாண்டிவிடும். குளிர்ந்த அறையில் சூடாக்கப்பட்ட நீர் இன்னும் விரைவாக ஆவியாகும் என்பதால், மலையகத்தில் இந்த ஒரு வரியின் விளைவு கடற்கரை ஊர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். 300 லீற்றர் தொட்டி வைத்திருப்பவர் இத்தகைய பிழையைக் கண்டறிந்து திருத்த அவகாசம் பெறுவார்; சிறிய தொட்டிக்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. சிறிய தொட்டி ஆரம்பநிலையினருக்கு எளிது என்ற உங்கள் விளம்பரத்தின் அடிப்படையே தலைகீழானது என்பது என் கருத்து.

உவர்த்தன்மை ஏறுகிறதா என்பதை அறிந்துகொள்ளவும் வழி வைக்கவில்லை. நீரின் அடர்த்தியை வைத்து உவர்த்தன்மையைக் காட்டும், தொகுதியிலுள்ள முள் அசையும் பிளாஸ்ரிக் ஹைட்ரோமீற்றர் 25 பாகை நீருக்கென அளவிடப்பட்டது. நீர் 19 பாகையில் இருக்கும்போது அதன் அடர்த்தி கூடுவதால் உவர்த்தன்மை உண்மையைவிட ஆயிரத்துக்கு இரண்டு அளவில் அதிகமாகத் தெரியும். முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலும் வாசிப்பு மேலேறும். சாரடர்த்தி, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025 இல் நிற்க வேண்டும் என்று வலியுறுத்தும் கைந்நூல், அந்த இலக்கத்தை எந்த வெப்பநிலையில் பார்ப்பது என்பதைச் சொல்லவே இல்லை. ஒளிமுறிவை வைத்து அளக்கும் ரிஃப்ராக்ரோமீற்றரும் அதைச் சரிபார்க்கும் திரவமும் இத்தொகுதியின் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவல்ல. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள வண்ணப் படத்தைக் குறைத்தாவது அதைச் சேர்த்திருக்கலாம். அந்தப் படத்தில் நீந்தும் நீல நிற அறுவை மீன் 30 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. உங்கள் தொட்டியின் நீளமே 40 சென்ரிமீற்றர்தான்.

இனி உயிரினங்களைப் பற்றி. தொட்டியில் நீர் நிரப்பிய அன்று மாலையே மீனை விடலாம் என்று கைந்நூல் கூறுகிறது. அதற்கேற்பக் கோமாளி மீன்கள் இரண்டையும் ஓர் இறாலையும் அதே பொதியுடன் அனுப்பியும் வைத்தீர்கள். அவற்றைத் தாமதமாக அனுப்புமாறு கேட்பதற்கு உங்கள் கொள்வனவுப் படிவத்தில் இடமே இல்லை. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றினாலன்றித் தொட்டி உயிர் வாழத் தகுந்ததாகாது. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைபெறுவதற்கு வழமையாக 4 முதல் 6 வாரங்கள் தேவை. நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கடல்நீரின் காரத்தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் 8 க்கு மேலே இருப்பதால், அமோனியாவில் நச்சுத்தன்மை கொண்ட பங்கும் நன்னீர்த் தொட்டியைவிட இங்கு அதிகம். இதற்கெல்லாம் மாற்றாகப் பற்றீரியாத் திரவம் என்ற பெயரில் நீங்கள் வைத்த சிறு போத்தலில் உற்பத்தித் திகதியும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. அமோனியாவைப் பரிசோதிக்கும் பொருள் எதுவும் பெட்டியில் இல்லை. மூன்று உயிர்களும் முதல் வாரத்திலேயே இறந்தன. உங்கள் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அறிவித்தபோது, "வாடிக்கையாளரின் பராமரிப்புக் குறைபாடு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கைந்நூலின்படி நடந்ததைத் தவிர வேறு எந்தப் பராமரிப்பும் நான் செய்யவில்லை என்பதால், அந்தக் குறைபாடு யாருடையது என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

பம்ப் குறித்தும் ஒரு விடயம் உண்டு. இரைச்சல் கேட்காதிருக்க அதனைத் தொட்டியின் அடியில் பொருத்தச் சொல்லியிருக்கிறீர்கள். அவ்வாறு பொருத்தினால் நீரின் மேற்பரப்பு அசையாது; காற்றிலுள்ள ஒட்சிசன் நீரில் கலப்பதும் குறையும். நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதமே என்பதால், கடல்மட்டத்தில் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் வரை ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும் 25 பாகைக் கடல்நீர், இங்கு 5.4 மில்லிகிராம் அளவிலேயே நிறைவடைந்துவிடும். மேற்பரப்பைக் கலக்குவது கொழும்பில் நல்ல பழக்கமாக இருக்கலாம். இங்கே அது கட்டாயம்.

நீரைப் பற்றிக் கைந்நூல் "சுத்தமான குழாய்நீர் போதும்" என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறது. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு நீர் வருவது தேயிலை மலைகளின் ஊற்றுகளிலிருந்து. 1946 இல் இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றிய காலந்தொட்டு, மழை மாதங்களில் செப்பு கலந்த மருந்து தெளிப்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த வேலை. மனிதர் குடிப்பதற்குத் தீங்கற்ற சிறு அளவு செப்பும் இறால், முருகை போன்ற முள்ளந்தண்டற்ற உயிர்களுக்குக் கேடு விளைவிக்கக் கூடியது. என் வீட்டுக் குழாய்நீரில் செப்பு இருந்தது என்று நான் இங்கு குற்றஞ்சாட்டவில்லை. வடிகட்டிய, கனியமற்ற நீரையே பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வாக்கியம் கைந்நூலில் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

உப்பு தீர்ந்தபோது நடந்தது இன்னும் வியப்பானது. தொகுதியில் வந்த உப்புக்கலவை ஒருமுறை நிரப்புவதற்கே போதுமானதாயிருந்தது. மேலும் வேண்டும் என்று கேட்டபோது, கையிருப்பில் இல்லை என்றும் அதுவரை புத்தளத்துக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றும்படியும் உங்கள் அலுவலர் ஆலோசனை கூறினார். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் கடல்நீரை வற்றவைத்து உப்பு எடுக்கும்போது, கல்சியத்தின் பெரும்பகுதி சோடியம் குளோரைட்டுக்கு முன்னரே படிந்து பிரிந்துவிடுகிறது. மகனீசியம் கடைசியில் எஞ்சும் கசப்புநீரோடு போய்விடுகிறது. சமையலுக்கு அதுதான் வேண்டும். ஆனால் லீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியமும் 1,300 மில்லிகிராம் மகனீசியமும் உள்ள கடல்நீரிலிருந்து தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும் முருகைக்கு, கல்லுப்புக் கரைசல் கடலாகாது. இந்த ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டாம் என்று உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்காவது உடனே அறிவியுங்கள்.

முருகை என்றதும் இதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. பொதியில் "இலவச அன்பளிப்பு" என்ற சீட்டு ஒட்டிய சிறு பையில் ஒரு கல் முருகைத் துண்டு இருந்தது. எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவரிடமிருந்து பெறப்பட்டது என்ற விபரம் எதுவும் அதனுடன் இல்லை. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்நாட்டில் கல் முருகைகள் பாதுகாக்கப்பட்டவை என்பதும், அவற்றின் சர்வதேச வர்த்தகம், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைற்றிஸ் உடன்படிக்கையின் 2 ஆம் பின்னிணைப்பின் கீழ் கட்டுப்படுத்தப்படுகிறது என்பதும் இத்துறையில் வியாபாரம் செய்யும் உங்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. நான் கேட்காத ஒரு பொருளை வைத்திருப்பதற்காக நாளை நான் பதில் சொல்ல நேரக்கூடாது. அத்துண்டு எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கான ஆவணத்தின் பிரதியை அனுப்பிவையுங்கள். ஆவணம் இல்லையெனில் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

நான் கோரும் பரிகாரம் மிகையானதல்ல. தொட்டி என்னிடமே இருக்கட்டும். முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்கவில்லை. 25 வொட் ஹீற்றருக்குப் பதிலாக 75 வொட் ஹீற்றரும் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும், ஹைட்ரோமீற்றருக்குப் பதிலாக ரிஃப்ராக்ரோமீற்றரும், திகதி இடப்பட்ட அமோனியாப் பரிசோதனைப் பொருளும், இரண்டு முறை நிரப்பப் போதுமான உப்புக்கலவையும் மேலதிகக் கட்டணமின்றி அனுப்பப்பட வேண்டும். இறந்த மூன்று உயிர்களுக்குப் பற்றுச்சீட்டில் தனியாகக் காட்டப்பட்டுள்ள 14,000 ரூபாவைப் பணமாகத் திருப்பித் தாருங்கள். பதிலுக்கு வேறு மீன்களை இப்போது அனுப்ப வேண்டாம். தொட்டி பக்குவமடையும் முன்னர் அவை வந்து சேர்ந்தால் முன்னவற்றுக்கு நேர்ந்ததே நேரும். கைந்நூலில் நீர்மட்டத்தை நிரப்பும் பகுதியையும் மீன் விடும் நாள் பற்றிய பகுதியையும் திருத்தி, இதுவரை இத்தொகுதியை வாங்கிய அனைவருக்கும் அறிவிக்க வேண்டும் என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மற்றவை என் ஒருவரின் நட்டம், இது அப்படியல்ல.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட இடமிருப்பதால், அந்தக் காலம் கடந்துபோகும் வகையில் பதிலைத் தாமதிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஹீற்றரையும் ஹைட்ரோமீற்றரையும் அவற்றின் பெட்டிகளிலேயே வைத்திருக்கிறேன். திரும்பப் பெற விரும்பினால் உங்கள் கூரியரை அனுப்புங்கள். அதற்கான கட்டணம் தங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(கையொப்பம்)

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, கைந்நூலின் பக்கங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், இரவு வெப்பநிலைக் குறிப்புகள்.