நூலகர் வேலை முத்திரை குத்துவது மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி நூலகர் என்றால் புத்தகத்தில் தேதி முத்திரை குத்தித் தருபவர் என்றே இன்னும் பலர் நினைக்கிறார்கள். இப்போது ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் பிறர் எழுத்து என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பது (10 சதவீதத்தைத் தாண்டினால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி சிக்கல்), அந்த ஆய்வேட்டை ஷோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது, மின்னிதழ் படிக்கக் கடவுச்சொல்லை மறந்துவிட்டு வரும் பேராசிரியர்களுக்கு வழி பண்ணுவது, அப்புறம் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் கோப்பு தயாரிப்பது எல்லாம் அவர் தலையில்தான். போதாக்குறைக்கு, ஏஐயிடம் வாங்கிய நூற்பட்டியலோடு மாணவர்கள் வருகிறார்கள். பதிப்பகம், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும், புத்தகம்தான் எங்கேயும் இருக்காது. அதை எப்படிச் சரிபார்ப்பது என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருவதும் நூலகர்தான்.

சரி, பள்ளிகளில்? என் மகள் படித்த பள்ளியில் நூலகப் பாடவேளை அட்டவணையில் மட்டும் இருந்தது, நேரம் வந்தால் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார், அலமாரிக்குப் பூட்டு. இத்தனைக்கும் கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த மாநிலம் இது! ஆகஸ்ட் 12 வந்தால் நூலகர் தினம் என்று அவர் படத்துக்கு மாலை போடத் தவறுவதில்லை.

ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் நூலகவியல் படித்த ஒருவரை நியமியுங்கள். முடியாவிட்டால் அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒருவராவது இருக்கட்டும். ஏற்கெனவே ஆயிரம் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்து 'பொறுப்பு நூலகர்' ஆக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி ஒருவரின் தந்தை,
கும்பகோணம்