அந்தப் பனிக்கரடிக்கு கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

துருவப் பனி உருகுறதப் பத்தி போன வாரம் நீங்க போட்ட செய்தி படிச்சேன், கூடவே வழக்கமான அந்த ஒத்தைப் பனிக்கரடி போட்டோ. செய்தியில தப்பே இல்ல, கிரீன்லாந்து பனி மொத்தமும் உருகினா கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறும்னு சரியாத்தான் போட்டிருந்தீங்க, ஆனா டீ கிளாஸ கீழ வைக்கிறதுக்குள்ள அந்த 7 எனக்கு மறந்துபோச்சு.

மறக்காத ஒண்ணு சொல்றேன். 2018 டிசம்பர்ல ஆபீஸ் வேலையா லண்டன் போயிருந்தேன், தேம்ஸ் ஓரமா டேட் மாடர்ன் மியூசியம் வாசல்ல கிரீன்லாந்துல இருந்து கொண்டுவந்த 24 ஐஸ் கட்டி, ஒவ்வொண்ணும் டன் கணக்குல இருக்கும், சும்மா தரையில கிடக்கு, கயிறு கட்டல, தொடாதேன்னு போர்டும் இல்ல. ஓலாஃபர் எலியாசன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட்டும் மினிக் ரோசிங்னு ஒரு ஜியாலஜிஸ்ட்டும் சேர்ந்து செஞ்சது, ரோசிங் கிரீன்லாந்துலயே பிறந்தவர். ஒரு சின்னப் பொண்ணு கட்டியில காதை வச்சுட்டு நின்னா, நானும் வச்சேன். கடைசிக் கடுகு ரெண்டு மூணு பொரியுமே, அந்த மாதிரி டப் டப்னு சத்தம்! எந்தக் காலத்துலயோ விழுந்த பனிக்குள்ள மாட்டின காத்து, பனி கரைய கரைய குமிழி உடைஞ்சு வெளிய வருது, இதே மாதிரி குமிழியில இருக்குற காத்த வச்சுத்தான் விஞ்ஞானிங்க அந்தக் காலத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருந்துச்சுன்னு அளக்குறாங்களாம். ஸ்கூல்ல இதப் படிச்சா மார்க்குக்குதான் படிச்சிருப்பேன்.

ஐஸ ஃப்ரீசர் கன்டெய்னர்ல வச்சு கப்பல்ல கொண்டுவர்றதுக்கு ஆகுற புகை எவ்வளவுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், 2015ல பாரிஸ்ல இதையே 12 கட்டி வச்சு செஞ்சப்ப 30 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் புகைன்னு அவங்களே கணக்கு போட்டு வெளிய சொன்னாங்க. கட்டியும் பனிப்படலத்துல இருந்து வெட்டி எடுத்தது இல்ல, ஏற்கெனவே உடைஞ்சு கிரீன்லாந்து தலைநகர் நூக் பக்கத்துல கடல்ல மிதந்தத எடுத்தது. ஃபிளைட்ல போய் இறங்கின நான் இதுக்கு மேல என்னத்த குறை சொல்ல.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி வந்தா கரடிக்குப் பதிலா இப்படி விஞ்ஞானியும் கலைஞரும் சேர்ந்து செஞ்ச எதையாவது போடுங்க, ஞாயித்துக்கிழமை கலர் பக்கத்துல கால் பக்கம் போதும்.

ஊருக்கு கிளம்புறதுக்கு முந்தின நாள் மறுபடி போய்ப் பாத்தேன். என் உசரத்துக்கு இருந்த கட்டி இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு, சுத்தி தரையெல்லாம் ஈரம். ரெண்டு நாள் போட்டோவும் மொபைல்ல இருக்கு, வேணும்னா அனுப்புறேன் சார், காசெல்லாம் வேணாம்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன், மதுரை