பெயர் கேட்க மறந்துபோனவர்களுக்கு

அன்புடையீர்,

வீடு திரும்பி நான்கு நாளாகிவிட்டது. நேற்றுதான் கடைசிப் பையைப் பிரித்தோம். அழுக்குத் துணிகளுக்கு அடியில், சின்னவனின் துண்டுக்குள் சுருண்டு ஒரு சிறிய ஸ்டீல் ஸ்பூன் கிடந்தது. கைப்பிடி லேசாக வளைந்த ஸ்பூன். எங்கள் வீட்டுடையது இல்லை. பார்த்த உடனே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்கு உரியவரின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பெயர் மட்டுமல்ல, இந்த மூன்று வாரத்தில் எங்களுக்குக் கைகொடுத்த முக்கால்வாசிப் பேரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. முகம் தெரியும், குரல் தெரியும், அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த மடலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்களில் யார் கண்ணிலாவது பட்டுவிடாதா என்ற ஆசை.

எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், பத்து மாதத்தில் ஒரு மகன். இருவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பிய முதல் நீண்ட பயணம் இது. கோடை இப்போதுதான் தொடங்குகிறது, வெயில் முற்றுவதற்குள் போய்வந்துவிடலாம் என்று கிளம்பினோம். முதலில் கடல், பிறகு மலை, கடைசியில் என் மாமனார் மாமியார் வீடு.

கடற்கரையில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்த பாதுகாவலர் தம்பிக்கு முதல் நன்றி. மகள் முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாள் அது. அலை ஆர்ப்பாட்டமாக வந்து உடைகிற இடத்தைக் கண்டு பயந்து, நடுவில் சலனமே இல்லாமல் அமைதியாகத் தெரிந்த ஓர் இடைவெளியாகப் பார்த்து அவளை இறக்கினோம். முழங்கால்கூட நனைந்திருக்காது, நீங்கள் ஓடி வந்துவிட்டீர்கள். "அக்கா, அலை உடையுற இடம் பரவால்ல. உடையாம அமைதியா இருக்கு பாருங்க, அதுதான் உள்ளே இழுக்கும்" என்றீர்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது, அதனால்தான் அங்கே அலை எழும்புவதில்லை என்று மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினீர்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு முதலில் வெளியே வர வேண்டும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். எங்களை நூறடி தள்ளிக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம்வரை எங்கள் மேல் ஒரு கண் வைத்திருந்தீர்கள். என் மகள் இப்போது கடல் வரைந்தால் அதில் விசிலோடு ஒரு ஆள் நிற்கிறார்.

எங்களை மலையடிவாரம்வரை கூட்டிப்போன கார் ஓட்டுநர் அண்ணா, உங்களிடம் நான் அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும். வழியில் ஒரு கடையில் இறங்கினோம். சின்னவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ரெண்டே நிமிஷம் என்று விட்டுப் போகப் பார்த்தேன். நீங்கள் வழிமறித்து, "தூக்கிக்கிட்டுப் போங்கம்மா, முழிச்சாலும் பரவால்ல" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாய்க்குத் தெரியாதா என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தேன்: வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடுமாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லையாம். பெரியவர்களைவிட மிக வேகமாகச் சின்னக் குழந்தையின் உடல் சூடேறிவிடும். கடையில் எனக்கு ஆனது ரெண்டு நிமிஷம் இல்லை, கால் மணி நேரம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்த கல்லூரிப் பெண்ணையும் மறக்கவில்லை. படப் புத்தகத்தில் மூழ்கியிருந்த என் மகளுக்குக் குமட்டத் தொடங்கியதும், புத்தகத்தை மூடிவைத்து, "தூரத்துல அந்த மலை உச்சி தெரியுதா, அதையே பாரு" என்று கடைசி வளைவுவரை அவளோடு பேசிக்கொண்டே வந்தாய் அம்மா. நன்றாக இரு.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

மலையிலிருந்து இறங்கி மாமனார் வீட்டுக்குப் போகும் இரவு ரயில். ஏறுவதற்கு முன்பே சின்னவனுக்கு இரண்டு தடவை தண்ணியாகப் போயிருந்தது. நிலையத்துக்கு வெளியே இருந்த மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கினோம், பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி. கடைக்காரர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கலாம். கடையில் கூட்டம் வேறு. ஆனால் அவர், "எதுல கரைப்பீங்க?" என்று கேட்டார். பால் பாட்டிலில் என்றேன். உடனே பேனாவை எடுத்து, உறையில் '1 லிட்டர்' என்று அச்சிட்டிருந்த இடத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். "சின்னக் குழந்தைதானேன்னு கொஞ்சம் தண்ணியில கரைச்சுடாதீங்க, உப்பு கூடிப்போகும். ஒரு லிட்டர் பாட்டில்ல பொட்டலத்தை முழுசாக் கொட்டணும். அதுலேருந்துதான் எடுத்துக் கொடுக்கணும். நாளைக்கு இந்த நேரத்துக்கு மிச்சமிருந்தா கொட்டிடுங்க" என்றார். 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு, அதனால் எப்போது வாங்கினாலும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஐயா, அந்த இரண்டு வட்டம் போட்ட உறையை நான் தூக்கிப் போடவில்லை.

ரயில் கிளம்பியது. ராத்திரி பத்து மணிக்குள் இன்னும் மூன்று தடவை போய்விட்டது, இரண்டு தடவை வாந்தி. பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் தாகத்தில் மடக்மடக்கென்று குடிப்பான், குடித்ததையெல்லாம் கக்கிவிடுவான். அவன் உச்சிக்குழியைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் என் கை நடுங்கியது. இவர் ஒரு பக்கம் துணி மாற்ற, நான் ஒரு பக்கம் அழ, மகள் விழித்துக்கொண்டு மிரண்டு பார்த்தாள். பெட்டியில் மற்றவர்கள் தூங்குகிற நேரம். யாரும் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை, அவர்களுக்கும் எங்கள் நன்றி.

எதிர்ப் படுக்கையில் போர்த்திப் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். "ஏம்மா, பாட்டிலை எடு. ஸ்பூன் இருக்கா?" இல்லை என்றேன். தன் பையைத் துழாவி இந்த ஸ்பூனை எடுத்தார்கள். கை கழுவிவிட்டு வந்து, கேட்காமலே குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டார்கள். தோல் சட்டென்று பழைய நிலைக்குப் போனது. கண் குழி விழுந்திருக்கிறதா என்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அழும்போது கண்ணீர் வருகிறதா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "இன்னும் பயமில்ல கண்ணு. ஆனா விட்டோம்னா மோசமாயிடும். விட வேண்டாம்" என்றார்கள். பல வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

அந்த ஸ்பூன் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு ஸ்பூன் கரைசல், கீழுதட்டில் வைத்து மெதுவாகச் சாய்ப்பார்கள். விழுங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒன்றரை நிமிஷம். அடுத்த ஸ்பூன். பதினொன்றரைக்கு மறுபடி வாந்தி எடுத்தான். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அவர்கள் அசரவில்லை. "பத்து நிமிஷம் பொறு. அப்புறம் இன்னும் நிதானமாக் கொடுப்போம்" என்று துடைத்துவிட்டு, கடிகாரத்தில் பத்து நிமிஷம் பார்த்து, மறுபடி முதல் ஸ்பூன். நடுநடுவே என்னிடம் கொடுத்துத் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். பேதி என்று பாலை நிறுத்தவே கூடாது என்றார்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அடுத்த நிலையத்திலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று இவரிடம் சொல்லி, வரப்போகும் நிலையங்களின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

மூன்று மணி இருக்கும். சின்னவனின் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையை இழுத்து அதில் வைத்தார்கள். ஈரம். "ஒண்ணுக்குப் போயிட்டான் பாரு" என்று அவர்கள் சிரித்த சிரிப்பை என்னால் எழுதிக்காட்ட முடியாது. "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். படுத்ததுதான் தெரியும்.

விடிந்து எழுந்தபோது எதிர்ப் படுக்கை காலியாக இருந்தது. நான்கரை மணிக்கே அவர்களின் நிலையம் வந்துவிட்டதாம். என்னை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இவர் பையை இறக்கிக் கொடுத்து, பிளாட்பாரத்தில் கும்பிட்டுவிட்டு ஓடி வந்து ஏறியிருக்கிறார். வண்டி அங்கே இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அந்தப் பதற்றத்தில் பெயரும் கேட்கவில்லை, ஸ்பூனும் எங்களிடமே தங்கிவிட்டது. பிள்ளை என் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

அன்று காலையே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டினோம். ராத்திரி நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டு, "இதைவிட நான் பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டேன்" என்றார். துத்தநாக மாத்திரை 14 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தக் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் குடல் வழியாக உடலுக்குள் போகும்போது உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும், பேதி நடக்கும்போதும் அந்த வழி அடைபடுவதில்லை என்று விளக்கினார். அப்படியே, இதே மாதிரிக் கரைசலை ஓர் அகதி முகாமில் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றிய டாக்டர் திலீப் மஹலானபிஸ் பற்றியும் சொன்னார். 1971-இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் நிறைந்திருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாம். காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நேரம். அவர் உப்பையும் சமையல் சோடாவையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, நோயாளிகளோடு வந்த சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொல்லியிருக்கிறார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2022-இல்தான் அவர் காலமானார் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு மனது கனத்துவிட்டது. அவர் இருந்த காலத்தில் அவர் பெயரே எனக்குத் தெரியாது. டாக்டர் மஹலானபிஸ், உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். அந்த முகாமில் எத்தனையோ தாய்மார் கையில் கொடுத்ததைத்தான் அன்று ரயிலில் எங்களுக்கும் கொடுத்தீர்கள்.

அத்தைக்கும் மாமாவுக்கும் நேரில் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ஏன் இந்த வெயிலில் குழந்தையை அலைக்கழித்தாய் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று ராத்திரி என்னைத் தூங்க வைத்துவிட்டு மாறி மாறி விழித்திருந்தீர்கள். மாமா, மொட்டைமாடியில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் நடந்த நடையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய மேல்வீட்டு அக்காவுக்கும், நான் திரும்பி வருவது நான்கு நாள் தள்ளிப்போனபோது என் வேலையைச் சொல்லாமலே எடுத்துச் செய்த அலுவலகத் தோழிக்கும் நன்றி. மல்லிகை ஒன்றுகூட வாடவில்லை அக்கா.

சின்னவன் இப்போது நன்றாக இருக்கிறான். நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தான். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த பயணத்துக்கும் பையில் முதலில் அதைத்தான் வைப்போம்.

ரயிலில் எங்களோடு விழித்திருந்த அம்மா, உங்கள் ஸ்பூன் பத்திரமாக இருக்கிறது. வெந்நீரில் கழுவி, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் சொல்லுங்கள். நாங்கள் நாலு பேரும் வந்து உங்கள் கையில் கொடுக்கிறோம். அவனையும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

மிகுந்த அன்போடும் நன்றியோடும்,
இரண்டு பிள்ளைகளின் அம்மா