கிட்டாருக்கு பாலிஷ் கடைசி வேலைதான், ஆனால் சின்ன வேலை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கையால் செய்யும் நைலான் தந்தி கிட்டார் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. மரம் தேர்வது, பக்கப் பலகையைச் சூடான குழாயில் வைத்து வளைப்பது, கழுத்தைப் பொருத்துவது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கடைசியாக வார்னிஷ் அடித்துக் காயவைத்தால் கிட்டார் தயார் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் மரவேலை செய்கிறவன், கையால் கிட்டார் செய்கிறவன். அந்த வரியைப் படித்து யாராவது தன் கிட்டாருக்கு அப்படியே செய்துவிடக் கூடாது.

நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோதான். இரும்புக் கம்பி கிட்டாரில் இது 70 கிலோவைத் தாண்டும். இவ்வளவு குறைந்த விசையில் ஒரு அறை முழுக்கக் கேட்கும்படி ஒலி வர வேண்டும் என்றால் மேல்பலகை மிக லேசாக இருக்க வேண்டும். அதனால்தான் ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் பலகையை 2, 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் இழைத்து, விரலால் தட்டித் தட்டிக் கேட்டு, உள்பக்கம் விசிறி மாதிரி மெல்லிய ரீப்பர்களை ஒட்டுகிறோம். இந்த அமைப்பை இன்றைக்கு உள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ தே டோரஸ். 1862-ல் அவர் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிட்டார் செய்தார், ஒலியைத் தீர்மானிப்பது மேல்பலகைதான் என்று காட்டுவதற்காக. அந்தக் கிட்டார் இப்போதும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, அவ்வளவு பாடுபட்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்குப் பார்த்து இழைத்த பலகையின் மேல் கெட்டியான பி.யு. பூச்சை, அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வார்னிஷை, ஸ்பிரே செய்தால் என்ன ஆகும்? இழைத்து எடுத்த எடையைத் திரும்ப ஏற்றிவிடுகிறோம். அதுவும் மரத்தோடு சேராத, விறைப்பான பிளாஸ்டிக் படலமாக. என் நண்பர் ஒருவரிடம் ஸ்பெயினில் செய்த பழைய கிட்டார் இருந்தது. மேல்பலகையில் நகக் கீறல்கள், கை படும் இடத்தில் பளபளப்பு மங்கல், அவ்வளவுதான். ஒரு பட்டறையில் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம் என்று வாங்கி, மிஷின் வைத்து உப்புத்தாள் போட்டு பழைய பூச்சையும் அதோடு கொஞ்சம் மரத்தையும் தேய்த்து எடுத்து, காருக்கு அடிக்கிற மாதிரி கோட் மேல் கோட் அடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி போல மின்னியது. வாசித்தால் முன்பு நீண்டு நின்ற சுரம் பாதியில் அமுங்கியது. அந்த நண்பரின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அதைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வேறு வழி ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வேறு வழிக்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ். நம்மூர் நாற்காலி, பீரோ, கட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் இதைத்தான் போட்டார்கள். அவலரக்கு (ஷெல்லாக்) செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதில் கொஞ்சமாக விட்டுக்கொண்டு தேய்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். பின்பலகைக்குப் போடும் ரோஸ்வுட்டில், அதாவது ஈட்டி மரத்தில், துளைகள் அதிகம், அதனால் முதலில் பியூமிஸ் என்ற எரிமலைக் கல் பொடியை ஸ்பிரிட்டோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும், மரத்தூளும் அரக்கும் பொடியும் ஒன்றாகிப் போய்த் துளைகளை அடைக்கும். ஸ்ப்ரூஸுக்கு அந்த வேலை தேவையில்லை. அப்புறம் வட்டம் வட்டமாக, எட்டு போட்டு, கடைசியில் மரத்தின் ரேகை போகிற திசையில் நேராக. துணி ஒட்டாமல் வழுக்க ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய். அந்த எண்ணெயை முடிவில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சில வாரத்தில் மேலே புகை படிந்தது போலத் தெரியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கிட்டாரைக் கையில் தொட்டுப் பார்க்காத ஒரு வயதான பர்னிச்சர் பாலிஷ் மேஸ்திரி. "தம்பி, துணி நின்னா கறை நிக்கும், ஓடிக்கிட்டே இருக்கணும்" என்பார். பலகை மேல் துணி இறங்கும்போதும் ஓட்டத்திலேயே இறங்க வேண்டும், ஏறும்போதும் ஓட்டத்திலேயே ஏற வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றால் கீழே காய்ந்த அரக்கு கரைந்து துணியோடு ஒட்டிப் பிய்ந்து வந்துவிடும். நாளுக்குக் கொஞ்சம் போட்டு, ஆறவிட்டு, அது மரத்துக்குள் இறங்கிய பிறகு மறுபடி போட வேண்டும், எனவே வாரக்கணக்கில் ஆகும். முடிந்த பிறகு எல்லாம் சேர்ந்து தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும்.

இதில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் இளகும், கை வியர்வைக்கு மங்கும், ஸ்பிரிட் பட்டால் கரையும். மழைக்காலத்தில் போட்டால் ஈரம் ஏறி வெள்ளை பூத்துவிடும், அதனால் ஐப்பசி கார்த்திகையில் நான் பாலிஷ் வேலையைத் தொடுவதில்லை. கரைத்து வைத்த அரக்கு பல மாதம் ஆனால் சரியாகக் காயாது, புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி போடலாம், புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பி.யு.வில் அது நடக்காது. கிட்டார் தலைமுறை தாண்டி வாசிக்கிற பொருள் என்பதால் எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. இந்த அரக்கு எங்கிருந்து வருகிறது? புரசு, இலந்தை, குசும் மரங்களில் வாழும் சின்னப் பூச்சி சுரப்பது. இந்தியாவில் அதிகம் ஜார்க்கண்டில் கிடைக்கிறது, ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் இதற்கென்றே 1920களில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. பழைய கிராமபோன் தட்டுகளும் இந்த அரக்கைக் கலந்துதான் செய்தார்கள். பின்பலகைக்குப் போடும் ஈட்டி மரமோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 1960களின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட்டை வெட்டுமரமாக வெளியே விடுவதைக் கட்டுப்படுத்திய பிறகு உலகம் முழுக்கக் கிட்டார் செய்பவர்கள் பலர் நம் ஈட்டிக்கு மாறினார்கள். ஈட்டியை வெட்டுவதற்குத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து கட்டுப்பாடு வைத்தார்கள், அது நியாயம்தான். 2017 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு வணிகத்துக்கு சைட்டிஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) அனுமதியும் தேவைப்பட்டது, 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்தார்கள். அதாவது பலகையாக அனுப்பினால் காகிதம் வேண்டும், கிட்டாராகச் செய்து அனுப்பினால் அந்தச் சிக்கல் குறைவு. மரம் இங்கே, அரக்கு இந்த நாட்டிலேயே, அதைப் பூசத் தெரிந்த கையும் நம் ஊர்களில் இருக்கிறது. ஆனால் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. மேஸ்திரிகளின் பிள்ளைகள் ஸ்பிரே கன் பக்கம் போய்விட்டார்கள், பிழைப்பு அங்கே இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் நான் கேட்பது இரண்டு. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வாங்கத் தெரிந்த அரசு, மரவேலைப் பயிற்சி தரும் இடங்களில் இந்த மேஸ்திரிகளைக் கூலி கொடுத்து அழைத்து ஒரு பருவமாவது சொல்லிக்கொடுக்கச் செய்ய வேண்டும். எழுதிவைத்துப் படிக்கிற வேலை இல்லை இது, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்துத்தான் வரும். ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும் என்பதால் காற்றோட்டமான அறை, கையுறை எல்லாம் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும், பழைய மேஸ்திரிகள் வெறுங்கையில் செய்து தோல் வெடித்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது உங்களிடம். கிட்டார் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள் பாலிஷ் மேஸ்திரிகளைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் என்னிடம் இருக்கும் ஒரு கிட்டாருக்கு பாலிஷ் தொடங்குகிறேன், மேஸ்திரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நிருபரை அனுப்பினால் முதல் நாளிலிருந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
கிட்டார் செய்யும் வாசகர்,
கோயம்புத்தூர்