எவ்வளவு எண்ணெய் என்பதோடு, எந்த எண்ணெய் என்றும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1', அதாவது கல்லீரலில் கொழுப்பு தேங்கும் நோயின் தொடக்க நிலை என்று வந்துவிட்டால், பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது எண்ணெய்தான். தாளிக்காத ரசமும், எண்ணெய் விடாத பொடியோடு இட்லியுமாக நாட்கள் நகர்கின்றன. ஆனால் பசி அடங்காததால் சோறு ஒரு கரண்டி கூடுகிறது, காபிக்குச் சர்க்கரையும் வழக்கம்போல் விழுகிறது. நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் 'எண்ணெயைக் குறையுங்கள்' என்பதோடு நின்றுவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது.

கல்லீரலில் தேங்கும் கொழுப்பில், உண்ட எண்ணெயிலிருந்து நேரே வருவது சிறு பங்குதான். இந்நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வின்படி, அதில் சுமார் 59 விழுக்காடு உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தின் வழியே வந்தது. 26 விழுக்காடு, பெரும்பாலும் மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து கல்லீரல் தானே புதிதாக உருவாக்கியது. உணவுக் கொழுப்பின் நேரடிப் பங்கு 15 விழுக்காடே. எனவே எண்ணெயை விலக்கிய இடத்தைச் சோறும் இனிப்பும் நிரப்புமானால், இன்சுலின் உயர்ந்து, கல்லீரலின் சொந்த உற்பத்தி பெருகவே வாய்ப்பு அதிகம்.

எண்ணெயின் வகை இந்த உற்பத்தியிலேயே குறுக்கிடுகிறது என்பதுதான் போதிய அளவு பேசப்படாத செய்தி. கொழுப்பை உருவாக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தை இன்சுலின் தூண்ட, பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக மத்தி, அயிலை போன்ற மீன்களில் உள்ள ஒமேகா-3, அதை அடக்குகின்றன. நிறைவுற்ற கொழுப்புக்கு அந்த ஆற்றல் இல்லை. சுவீடனின் உப்சாலாவில், இயல்பான எடையுள்ள 39 பேருக்கு 7 வாரங்கள் கூடுதலாக மஃபின்கள் (சிறு கேக்குகள்) தரப்பட்டன. ஒரு குழுவினரின் மஃபினில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயில், மற்றவர்களுடையதில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெய். இரு குழுவிலும் எடை சராசரியாக ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் ஏறியது. ஆனால் கல்லீரல் கொழுப்பு பாமாயில் உண்டவர்களிடமே வெகுவாகக் கூடியது. 2014இல் வெளியான முடிவு இது. பின்லாந்தில் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக 3 வாரங்கள் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்விலோ, கல்லீரல் கொழுப்பு நிறைவுற்ற கொழுப்பால் 55 விழுக்காடும், சர்க்கரையால் 33 விழுக்காடும், நிறைவுறாக் கொழுப்பால் 15 விழுக்காடும் உயர்ந்தது. எந்த எண்ணெயானாலும் அளவு மீறக்கூடாது என்பதையும் அந்த 15 விழுக்காடு சொல்லிவிடுகிறது.

நம் ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது சுமார் 15, கடலை எண்ணெயில் 20க்குள். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் வழங்கக் கோரும் தென்னை விவசாயிகளின் துயரம் உண்மையானது. அவர்களது விளைச்சலுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. ஆயினும் தேங்காய் எண்ணெயில் 90 விழுக்காடு அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், கல்லீரலைக் கருதி அதை மாற்றாக முன்வைக்க இயலாது. கூடுதல் செலவானாலும், கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விருப்பத் தேர்வாகவாவது குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்க அரசு முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் கல்லீரல் கொழுப்பு பற்றி எழுதும்போது, எண்ணெயின் அளவோடு அதன் வகையையும், சோறு, சர்க்கரையின் அளவையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்