கழிவுநீர்க் குட்டையின் நாற்றம் குறித்துப் புகார்

அனுப்புநர்: ரப்பர் விவசாயி, குலசேகரம் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், ரப்பர் பால் ஆலை

ஐயா,

உங்கள் ஆலைக்குப் பால் கொடுப்பவன், உங்கள் டிப்போவிலேயே ஆசிட்டும் மழைக்காலப் பிளாஸ்டிக்கும் வாங்கும் வாடிக்கையாளன் எழுதுகிறேன். ரப்பர் நாற்றம் எனக்குப் புதிதல்ல. மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோன ஒட்டுப்பால் சாக்குகள் அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அதற்காக யாரையும் குறை சொன்னதில்லை. இப்போது உங்கள் கழிவுநீர்க் குட்டையிலிருந்து வருவது அழுகிய முட்டை நாற்றம். இரவில் காற்று அசையாதபோது பள்ளத்து வீடுகளில் வந்து இறங்கினால், வெயில் ஏறும்வரை நகர்வதில்லை. விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் தலைவலியோடு திரும்புகிறார்கள். பீரோவில் கிடந்த வெள்ளிக் கொலுசுகூடக் கறுத்துவிட்டது.

கேட்டில் சொன்னபோது, “எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றார் உங்கள் மேற்பார்வையாளர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். அதனால்தான் உங்கள் ஆட்களின் மூக்கைச் சாட்சியாக ஏற்க முடியாது என்கிறேன்.

சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் பாலைச் சுழற்றிப் பிரித்தபின் மிஞ்சும் நீர்த்த பாலான ஸ்கிம்மில் சல்ஃப்யூரிக் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறீர்கள். அந்தக் கழிவுநீரில் இருக்கும் சல்ஃபேட்டை, காற்றுப்படாத குட்டையில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த வாயுவாக மாற்றுகின்றன. காற்றூட்டும் இயந்திரம் ஓடாமல் நிற்பது ரோட்டிலிருந்தே தெரிகிறது. கரண்ட் செலவு மிச்சம் உங்களுக்கு, நாற்றம் எங்களுக்கு!

“காற்றுத் தரம் வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று காகிதத்தை நீட்ட வேண்டாம். 2009-இல் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகோலில் உள்ள 12 மாசுகளில் அம்மோனியா உண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. பட்டியலில் இல்லாததை அளக்காமலே வரம்புக்குள் என்று எப்படிச் சொல்வீர்கள்? என் பாலில் டிஆர்சி, அதாவது உலர் ரப்பரின் அளவு, சற்றுக் குறைந்தாலே விலையைப் பிடிக்கிறீர்கள். அந்தக் கறார் உங்கள் குட்டைக்கும் வேண்டும்.

காற்றூட்டியை இரவிலும் ஓட்டுங்கள். ஸ்கிம் கழிவுநீரைத் தனியே பிரித்துச் சுத்திகரித்த பிறகே குட்டையில் விடுங்கள். வேலிக்கு வெளியே, அதுவும் அதிகாலையில், வாயுவை அளந்து அந்தக் கணக்கைக் கேட்டில் ஒட்டுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அளந்த கணக்கு எங்களுக்குத் தேவையில்லை.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இதன் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகும். எங்கள் பாலும் வேறு ஆலைக்குப் போகும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்