ரிசாலின் கடைசிக் கையெழுத்து: நண்பருக்கு ஒரு பதில்

அன்பிற்குரிய ஞானப்பிரகாசம் அவர்களுக்கு,

வணக்கம். மணிலாவிலிருந்து திரும்பிய கையோடு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு வலது கண்ணில் புரை நீக்கியாயிற்று. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் முதலில் எடுத்தது உங்கள் கடிதத்தைத்தான். அங்கே சான்டியாகோ கோட்டையில், ஸ்பானிய ஆட்சி 1896-இல் சுட்டுக் கொன்ற பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் சிறையிலிருந்து கொலைக்களத்துக்கு நடந்த வழியில் பதித்திருக்கும் உலோகப் பாதச்சுவடுகளின் மீது நடந்து பார்த்ததை விவரித்துவிட்டு, மேசன் சங்கத்தை ('ஃபிரீமேசன்' என்ற சகோதரத்துவ அமைப்பை) வெறுத்துக் கையெழுத்திட்டுக் கத்தோலிக்கத் தாய்ச்சபைக்குத் திரும்பிய ஒருவரை இன்னும் மேசன் என்று எழுதிக்கொண்டிருப்பது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். இதைத் தொலைபேசியில் பேசினால் இருவரும் குரலை உயர்த்துவோம் என்பதால் எழுதுகிறேன்.

அவர் மேசனாக இருந்தாரா என்பதில் சச்சரவுக்கே இடமில்லை. மத்ரித்தில் அகாசியா லாட்ஜில் (லாட்ஜ் என்பது மேசன்களின் கிளைச் சங்கம்) 'டிமாசலாங்' என்ற பெயரில் இருந்தார். 1890-இல் அதே நகரின் சொலிடாரிடாட் லாட்ஜில் மூன்றாம் படியான மாஸ்டர் மேசன் ஆனார். ஸ்பெயினில் படித்த பிலிப்பைன்ஸ் இளைஞர்களுக்கு லாட்ஜின் சடங்குகள் எவ்வளவு முக்கியமாக இருந்தனவோ தெரியாது. ஆனால் ஸ்பானியர்களோடு சமமாக உட்கார்ந்து பேச அங்கே இடம் கிடைத்தது. தாய்நாட்டிலோ நிலமும் பள்ளியும் பங்குக் கோவில்களும் கத்தோலிக்கத் துறவு சபைகளின் பிடியில் இருந்ததால், மேசன் என்ற பெயரே அரசத் துரோகத்தின் வாடையோடு ஒலித்தது. 1896 டிசம்பரில் இராணுவ நீதிமன்றம் அவர்மீது சாட்டிய குற்றங்களில் ஒன்று சட்டவிரோதச் சங்கங்களை அமைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி நீங்கள் சொல்லும் மறுதலிப்புப் பத்திரம். அவர் சுட்டுக் கொல்லப்பட்டவுடனேயே அதன் வாசகம் செய்தித்தாள்களில் வந்துவிட்டது. மூலப் பத்திரமோ 1935-இல்தான் மணிலா உயர் மறைமாவட்ட ஆவணங்களுக்கிடையே கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் யார் கண்ணிலும் படாத காகிதம் திடீரென்று வெளிவந்தால் சந்தேகம் எழத்தானே செய்யும்? ரிக்கார்டோ பாஸ்குவல் என்ற ஆய்வாளர் கையெழுத்தை ஆராய்ந்து போலி என்றார். ஆனால் மேசன் சங்கத்தில் மிக உயர்ந்த 33-ஆம் படியை எட்டியிருந்த தியோடோரோ கலாவ் அது ரிசாலின் கையே என்று ஏற்றுக்கொண்டார். ஆகவே மேசன்கள் எல்லோரும் ஒரு பக்கம், கத்தோலிக்கர் எல்லோரும் மறுபக்கம் என்று நீங்கள் வகுத்த கோடு அவ்வளவு நேராக இல்லை.

போலி என்று வாதாட நான் வரவில்லை. கையெழுத்து உண்மை என்றே வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். 'மேசன் சங்கம் திருச்சபையின் பகையாக இருப்பதாலும், திருச்சபையால் தடைசெய்யப்பட்டிருப்பதாலும் அதை அருவருக்கிறேன்' என்பது அதன் பொருள். இரண்டு காரணங்களும் திருச்சபையின் காரணங்கள். லாட்ஜுக்குள் தாம் கண்ட தீமை என்று ஒரு சொல் இல்லை. அங்கே ஏமாந்தேன், வழிதவறினேன் என்று இல்லை. பிலிப்பைன்ஸின் தென்பகுதியிலுள்ள டாபிடானுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது இயேசு சபையின் பாஸ்டெல்ஸ் பாதிரியாரோடு பகுத்தறிவைப் பற்றியும் விசுவாசத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகக் கடிதத்தில் வாதாடிய மனிதர், இந்த ஒரு வரியில் தமக்கென்று ஒரு வாதமும் வைக்கவில்லை.

இதற்கு விளக்கம் உங்கள் தரப்புச் சாட்சியிடமே இருக்கிறது. அன்று சிறையறையில் இருந்ததாகச் சொன்ன இயேசு சபையைச் சேர்ந்த பலாகெர் பாதிரியாரின் கூற்றுப்படி, பேராயர் அனுப்பிய நீண்ட வாசகத்தை ரிசால் ஏற்கவில்லை. பியோ பை பாதிரியார் எழுதிய சுருக்கமான வாசகத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் மேசன் சங்கத்தைப் பற்றிய வரி வந்ததும் நின்றுவிட்டார். இலண்டனில் தாம் பழகிய மேசன்கள் திருச்சபைக்குப் பகைவர்கள் அல்லர் என்று வாதிட்டார். அதன் பிறகே 'திருச்சபையின் பகையாக இருப்பதால்' என்ற வடிவத்துக்கு இரு தரப்பும் இறங்கி வந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்குத் துப்பாக்கி முன் நிற்கப் போகிறவர் ஒரு சொற்றொடருக்காக இப்படி மல்லுக்கு நின்றார் என்றால், அந்தச் சங்கத்தை அவர் மனமார வெறுத்தார் என்று நான் எப்படி நம்புவது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்; அது என் வாதத்துக்கே இடைஞ்சல். ஸ்பானிய உளவுப் பிரிவின் ஆவணங்களிலிருந்து 2016-இல் வெளியிடப்பட்ட அறிக்கை ஒன்றில், ஃபெடரிகோ மொரேனோ என்ற அலுவலர், சிறையில் நடந்தவற்றை நேரவாரியாகக் குறித்திருக்கிறார். ரிசால் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டதும், விடியற்காலையில் அவரோடு வாழ்ந்துவந்த ஜோசஃபின் பிராக்கனோடு திருமணம் நடந்ததும் அதில் உண்டு. பாதிரியார்களில் மார்ச், விலாகிளாரா ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. பலாகெரின் பெயர் இல்லை. இதை நம்பினால் கையெழுத்து வலுப்பெறுகிறது, ஆனால் பேரம் நடந்ததற்கான ஒரே சாட்சி காணாமல் போகிறார். மொரேனோவும் அறைக்குள் இருந்து பார்த்தவர் அல்லர், கோட்டையில் நிறுத்தப்பட்டிருந்த உளவுப் பிரிவு ஆள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தத் திருமணத்துக்குப் பதிவேடு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை என்ற பழைய சிக்கலும் அப்படியே நிற்கிறது.

என் எண்ணம், அவர் பெரும்பாலும் கையெழுத்திட்டிருப்பார் என்பதே. காரணங்களும் புரியாதவை அல்ல. டாபிடானில் ஜோசஃபினை மணக்க விரும்பியபோது, முதலில் மறுதலிப்பு, பிறகுதான் திருமணம் என்று திருச்சபை நிபந்தனை விதித்ததால் இருவரும் மணம் ஆகாமலே வாழ நேர்ந்தது. அந்தப் பெண்ணை ஒரு பெயரோடு விட்டுச்செல்ல வேண்டும் என்ற கவலை கடைசி இரவில் இல்லாமலா இருந்திருக்கும்? அத்துடன், வந்தவர்கள் முன்பின் அறியாதவர்களும் அல்லர். விலாகிளாரா ரிசால் மாணவராயிருந்த, மணிலாவின் இயேசு சபைப் பள்ளியான அத்தேனேயோவில் ஆசிரியராக இருந்தவர். அங்கே படித்த காலத்தில் ரிசால் தம் கையால் மரத்தில் செதுக்கிய இயேசுவின் சிறிய திருஇருதயச் சிலையையும் பாதிரியார்கள் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்கள். இயேசு சபைப் பள்ளியில் படித்த நம் இருவருக்கும் அது எப்படிப்பட்ட அழைப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே கடைசி நாட்களில் எழுதி, சிறிய சாராய அடுப்புக்குள் ஒளித்துத் தங்கையிடம் கொடுத்தனுப்பிய பிரியாவிடைக் கவிதையில், 'விசுவாசம் கொலை செய்யாத' இடத்துக்குப் போகிறேன் என்கிறார். ஆள்பவர் கடவுளாக இருக்கும் இடம் அது என்று உடனே சேர்த்தும் சொல்கிறார். கடவுளை அவர் விட்டதில்லை. ஆனால் விசுவாசத்தின் பெயரால் நடந்த கொலையையும் மன்னித்ததாகத் தெரியவில்லை. இந்த மனிதரை லாட்ஜ் முழுதாகச் சொந்தம் கொண்டாடுவதும் சரியில்லை, நீங்கள் முழுதாக மீட்டுக்கொள்வதும் சரியில்லை. மேசனாக வாழ்ந்தார், மறுதலிப்பில் கையெழுத்திட்டு இறந்ததாகத் தெரிகிறது என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவதே முறை என்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு சங்கத்தைத் திருச்சபை தடைசெய்திருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒருவர் அதைக் கைவிட்டால், அந்தச் சங்கத்தைப் பற்றிய அவரது சொந்தக் கருத்து மாறாமலே இருந்தாலும், அது முழுமையான மறுதலிப்பாகக் கொள்ளப்படுமா? திருச்சபைச் சட்டம் படித்த உங்கள் பங்குத்தந்தையிடம் விசாரித்து எழுதுங்கள். அவர் ஆம் என்று சொன்னால் நம் வழக்கில் பாதியை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மீதிப் பாதிக்கு நீங்கள் பொங்கலுக்கு இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்